வாலில் விசிறி முளைத்த பூதம்

உள்ளங்கையில் அடங்கிவிடும் பிளாஸ்டிக் பொம்மை அது. உடம்பைப் பார்த்தால் சிங்கி இறால் மாதிரி இருக்கும், வால் நுனியில் கப்பலுக்கு அடியில் சுழலுமே, அந்த விசிறி. ஹாங்காங்கில் செய்தது என்பதைத் தவிர அதற்கு ஜாதகம் கிடையாது. செய்த கம்பெனி எது, செய்தவர் மனத்தில் எந்தப் பிராணி இருந்தது, இரண்டுக்கும் பதில் இல்லை. அதோடு இன்னும் சில விசித்திரங்களைச் சேர்த்து ஒரே பையில் அடைத்து, மேலே 'ஆதிகால விலங்குகள்' என்று பொதுவாக ஒரு பெயரை ஒட்டி அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். எந்த ஆதிகாலத்திலும் அப்படி ஒரு விலங்கு இருந்ததில்லை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து அதே உருவத்துக்குப் பெயர் இருக்கிறது, குணம் இருக்கிறது, உலகம் முழுக்க அதைக் கண்டு பதறுகிற ஆட்கள் இருக்கிறார்கள். இடையில் நடந்தது என்ன என்பதுதான் இந்தக் கதை.

1970களின் தொடக்கத்தில் உலகத்தின் பொம்மைப் பட்டறையாக இருந்தது ஹாங்காங். பிளாஸ்டிக் மணிகளை உருக்கி, எஃகு அச்சுக்குள் அழுத்திச் செலுத்தி, ஆறவைத்துத் திறந்தால் பொம்மை. செலவெல்லாம் அச்சு வெட்டுவதில்தான். அச்சு கையில் இருந்தால் ஆயிரமும் அடிக்கலாம், லட்சமும் அடிக்கலாம். சொந்தமாக அச்சு வெட்ட வழியில்லாதவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பக்கத்துப் பட்டறையின் பொம்மையை வாங்கி, அதையே மூலமாக வைத்து அச்சு எடுத்துக்கொள்வது. பிளாஸ்டிக் ஆறும்போது கொஞ்சம் சுருங்கும் என்பதால் நகலின் நகல் மூலத்தைவிட ஒரு சுற்றுச் சிறுத்துப் பிறக்கும். ஒரே பூதம் பல நிறங்களில், பல அளவுகளில் சேகரிப்பாளர்களிடம் கிடைக்கிறது. முதலில் செய்தவரைத் தேடிப் போனவர்கள் இந்த நகல் கூட்டத்துக்குள்தான் வழி தவறுகிறார்கள்.

உருவம் எங்கிருந்து வந்தது என்பதற்குச் சேகரிப்பாளர்களிடம் ஓர் ஊகம் உண்டு. 1954இல் காட்ஜில்லா திரைக்கு வந்தது. 1966இல் ஜப்பானியத் தொலைக்காட்சியில் அல்ட்ராமேன் தொடர் வந்தபிறகு வாரத்துக்கொரு புது ராட்சதன் பிறந்துகொண்டிருந்தான். அமெரிக்கக் குழந்தைகளுக்கோ டைனோசர் பைத்தியம். இரண்டு சந்தைகளும் ஒரே பட்டறையில் சந்தித்தபோது டைனோசர் உடம்பில் டிவி ராட்சதனின் தலை ஒட்டிக்கொண்டிருக்கலாம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்போம். இங்கே பிடிக்க நினைத்தது பிள்ளையாரா என்பதே தெரியாது.

பை போய் இறங்கிய ஊர்களில் ஒன்று, அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஏரிக்கரையில் இருக்கும் லேக் ஜெனீவா. அங்கே கேரி கைகாக்ஸ் என்றொரு மனிதர். இன்சூரன்ஸ் கம்பெனி வேலை 1970இல் போய்விட்டது. வீட்டிலேயே செருப்புத் தைத்துச் சம்பாதித்தார், மிச்ச நேரத்தில் போர் விளையாட்டுகளுக்கு விதி எழுதினார். வீட்டின் நிலவறையில் மணல் பரப்பிய பெரிய மேஜை. அதில் குன்றும் ஆறும் அமைத்து, பொம்மைப் படைகளை நிறுத்தி நண்பர்கள் மோதிக்கொள்வார்கள்.

1971இல் ஜெஃப் பெரனுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட 'செயின்மெயில்' என்ற விதிநூலில் மந்திரவாதிகளும் டிராகன்களும் போர்க்களத்துக்கு வந்துவிட்டார்கள். ஆனால் மணல் மேஜையில் நிறுத்த டிராகன் பொம்மை வேண்டுமே! நெப்போலியனின் சிப்பாய் கடையில் கிடைப்பான், டிராகன் கிடைக்காது. கைகாக்ஸ் ஒரு பிளாஸ்டிக் ஸ்டெகோசாரஸை வாங்கி, வெட்டி ஒட்டி, தானே ஒரு டிராகனைச் செய்துகொண்டார். அந்தத் தேவையோடுதான் மலிவுப் பொம்மைகள் விற்கும் கடைக்கும் போனார். நம் ஊரின் 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடைக்கு அமெரிக்க அண்ணன் அது. அங்கே அந்தப் பை தொங்கிக்கொண்டிருந்தது.

பையில் இருந்தவற்றில் சில எளிதாக இடம் பிடித்தன. ஒன்றுக்குக் கரடியின் பருமனும் கொக்கி மூக்கும் இருந்தன, 'ஆவுல்பேர்' ஆயிற்று, அதாவது ஆந்தைக்கரடி. கட்டிப்பிடித்தே எலும்பை நொறுக்கும் என்று அதற்கு எழுதிவிடலாம். விசிறி வால்காரன்தான் சங்கடம். அதைப் பார்த்தால் பயமே வரவில்லை, வாலில் விசிறி வைத்த இறால் மாதிரி இருந்தது என்று பின்னாளில் கைகாக்ஸே எழுதியிருக்கிறார். அப்புறம் திடீரென ஒரு பொறி தட்டியிருக்கிறது. இது ரஸ்ட் மான்ஸ்டர். நம் வாய்க்குத் துருப்பூதம்.

டிராகனுக்கு இப்படி யோசிக்க வேண்டியதில்லை. அது தன் பாட்டிக் கதைகளோடு வருகிறது, நெருப்பு கக்கும், தங்கத்தின் மேல் படுத்திருக்கும் என்று எல்லோருக்கும் முன்பே தெரியும். இந்தப் பொம்மைக்கு முன்கதை கிடையாது. அதனால் 'இது யார்' என்று கேட்டுப் பயனில்லை, 'இது என்ன செய்யும்' என்றுதான் கேட்க முடியும். அந்தக் கேள்விக்கு விடை பொம்மைக்குள் இல்லை, மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆட்களின் மடியில் இருந்தது.

அதைப் புரிந்துகொள்ள விளையாட்டைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கி 1974இல் ஆயிரம் பெட்டிகள் அச்சடித்து விற்ற 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்குக் கட்டம் போட்ட பலகை தேவையில்லை. ஒருவர் கதை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் ஏற்பார்கள், ஒருவர் வீரன், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடன். இருட்டுச் சுரங்கத்தில் இறங்கி, எதிர்ப்படுவதைப் பகடை உருட்டிச் சமாளித்து, புதையலோடு திரும்ப வேண்டும். ஒரே நாளில் முடிவதில்லை, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் போகும். அத்தனை நாளும் வீரன் சேர்த்தது அவன் மேல் இருக்கும் தகட்டுக் கவசமும் இடுப்பில் தொங்கும் வாளும்தான்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? துருப்பூதம் அந்தக் கனத்தை மோப்பம் பிடித்து வருகிறது. சதையை அது சீண்டாது. தன் உணர்கொம்பால் இரும்பைத் தொடும், கவசம் அப்படியே துருவாகி உதிரும், உதிர்ந்த துருவைத் தின்னும். வாளால் வெட்டினால் வாளும் துரு. 1977 விதிகளின்படி அதன் தாக்குதலால் உடலுக்கு வரும் சேதம் பூஜ்யம். மாய வாளுக்குக்கூட முழுப் பாதுகாப்பு கிடையாது. அதன் மாய வலிமையின் ஒவ்வொரு படிக்கும் தப்பிக்கப் பத்து சதவீத வாய்ப்பு, அவ்வளவே.

இதனால் மேஜையில் அணிவகுப்பே தலைகீழாகிறது. வழக்கமாகக் கவசக்காரன் முன்னால் நடப்பான், மந்திரவாதி அவன் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு வருவான். துருப்பூதம் வந்தால் எருமையளவு தைரியம் உள்ள வீரன் பின்னால் ஓடுகிறான். மரக்கோல் வைத்த மந்திரவாதியும் தோல்சட்டைத் திருடனும் சிரித்துக்கொண்டே முன்னால் வருகிறார்கள். ஓடித் தப்பவும் முடியாது, தகட்டுக் கவசம் அணிந்தவனின் வேகம் 6 என்றால் அதன் வேகம் 18. பழகிய ஆட்டக்காரர்கள் கைவசம் இருக்கும் இரும்பு ஆணிகளை அதன் முன்னால் விட்டெறிவார்கள். அது நின்று தின்னும், இவர்கள் நழுவுவார்கள். உயிருக்கு ஆபத்தே இல்லாத ஒரு மிருகத்திடமிருந்து பெரிய பெரிய வீரர்கள் ஆணி எறிந்து தப்புகிற கூத்தை வேறு எந்தப் பூதமும் நடத்தியதில்லை.

1975இல் கைகாக்ஸும் ராப் குன்ட்ஸும் எழுதிய 'கிரேஹாக்' இணைப்பு நூலில் துருப்பூதமும் ஆந்தைக்கரடியும் அச்சேறின. மறு ஆண்டு ஜூனில் 'தி டிராகன்' பத்திரிகையின் முதல் இதழ் வந்தது. அந்தப் பைக் குடும்பத்திலிருந்து இன்னொன்றை எடுத்து அதில் எழுதியவர் அதன் ஆசிரியர் டிம் காஸ்க். முதுகில் ஓடும், கூம்பிய தலையும் கொண்ட அந்தப் பொம்மை தோட்டா போல இருந்தது. தோட்டாவுக்கான ஆங்கிலச் சொல்லைக் கொஞ்சம் பிரெஞ்சுப் பூச்சோடு எழுதி 'புலே' என்று உச்சரிக்கவைத்தார்கள். மண்ணுக்கடியில் சுறாபோல வரும். அதற்குப் பிடித்த தீனி ஹாஃப்லிங் என்னும் குள்ள மனிதர்கள், அவர்களின் மட்டக்குதிரைகள். 1977இல் கெட்டி அட்டையில் வந்த 'மான்ஸ்டர் மேனுவல்' மூன்றையும் டிராகனோடு ஒரே அகரவரிசையில் வைத்தது. புராண டிராகனுக்கும் பத்துக்காசுப் பொம்மைக்கும் ஒரே படிவம், ஒரே மாதிரி எண்கள், ஒரே மரியாதை.

காகிதத்திலிருந்து திரைக்கும் போயிற்று. 1980இல் பரவிய 'ரோக்' என்ற கணினி விளையாட்டிலும், 1987இல் வெளிவந்த 'நெட்ஹேக்'கிலும் சுரங்கத்துக்குள் துருப்பூதம் இருக்கிறது. நெட்ஹேக்கில் அதற்கு உடம்பே கிடையாது, திரையில் 'ஆர்' என்ற ஓர் எழுத்து மட்டும். வாலும் விசிறியும் போன பிறகும் பயம் அப்படியே இருந்தது. அந்த எழுத்தைக் கண்டதும் ஆடுபவர் கவசத்தைக் கழற்றி வைக்க ஓடுகிறார். உருவத்திலிருந்து பிறந்த குணம் இப்போது உருவம் இல்லாமலே உயிர் வாழ்ந்தது.

ஆனால் குணமும் கைபடாமல் நிற்கவில்லை. மாதக்கணக்கில் சேர்த்ததை ஒரு தொடுதலில் இழப்பது விளையாட்டா, தண்டனையா என்ற முணுமுணுப்பு வளர்ந்தது. 2006இல் மைக் மேர்ல்ஸ் என்ற வடிவமைப்பாளர் இந்தப் பூதத்தைத் திருத்தி எழுதினார். துருப்பிடித்தது கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிவிடும் என்றார். பழைய ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். 2009 விதிகளில், பூதத்தைக் கொன்றால் அது தின்ற மாயப்பொருளின் மதிப்பை அதன் வயிற்றிலிருந்தே மீட்கலாம் என்று வந்தது, வட்டிக்கடையில் நகையை மீட்பது போல. 2014இல் துரு படிப்படியாக ஏறும்படி ஆயிற்று. மாயப்பொருள்களை அது தொடுவதே இல்லை. பூதம் அதேதான், பல்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடுங்கப்பட்டது. இந்தத் திருத்தங்களை வரிசையாகப் படித்தால் பூதத்தின் வரலாற்றைவிட, எவ்வளவு இழக்க மனிதர்கள் சம்மதிப்பார்கள் என்பதன் வரலாறு தெரிகிறது.

இதற்குள் சொத்துரிமைக் கதையும் ஓடிக்கொண்டிருந்தது. கைகாக்ஸ் தொடங்கிய டிஎஸ்ஆர் நிறுவனத்தை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. அதை 1999இல் பொம்மைக் கம்பெனியான ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000இல் விளையாட்டின் அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டபோது சில பூதங்களை மட்டும் கம்பெனி தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டது. பல கண்கள் முளைத்த பந்தான பிஹோல்டரும் மூளை தின்னும் மைண்ட் ஃப்ளேயரும் அதில் அடக்கம். துருப்பூதமும் ஆந்தைக்கரடியும் புலேயும் வெளியே நின்றன. 2023 ஜனவரியில் அந்த விதிகளின் புதிய தொகுப்பு கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலவரைக் குறிப்பிட்டால் போதும், யாரும் எடுத்தாளலாம். பெயரில்லாத பட்டறையில் பிறந்து நகலின் நகலாகப் பரவிய பிள்ளைகள் கடைசியில் பொதுச்சொத்துப் போலவே ஆகிவிட்டன.

அதே 2023இல் ஆந்தைக்கரடி 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' திரைப்படத்தில் கர்ஜித்தது. அதன் குட்டியை 'பால்டர்ஸ் கேட் 3' கணினி விளையாட்டில் லட்சக்கணக்கானவர்கள் கொஞ்சினார்கள். விசிறி வாலுக்கு அந்த அதிர்ஷ்டம் அடிக்கவில்லை. நட்சத்திரமாகும் முகவெட்டு இல்லாத குணச்சித்திர நடிகர் அது.

கைகாக்ஸ் 2008இல் காலமானார். ஹாங்காங்கின் பொம்மைப் பட்டறைகள் அதற்கு வெகுநாள் முன்பே எல்லை தாண்டிக் குவாங்டாங் பக்கம் போய்விட்டன. இன்று துருப்பூதம் விளையாட்டுக் கடைகளில் வண்ணம் பூசிய பிளாஸ்டிக் பொம்மையாகக் கிடைக்கிறது, சீனத்தில் செய்யப்பட்டு, அதிகாரபூர்வ உரிமத்தோடு, பெயர் அச்சிட்ட பெட்டியில். பொம்மைக் கம்பெனியின் சொத்தாகி மறுபடியும் அச்சிலிருந்தே பிறக்கிறது.

அதன் தலையை ஓவியர்கள் மாற்றியிருக்கிறார்கள், உடம்பில் வண்டின் ஓட்டைப் பொருத்தியிருக்கிறார்கள், கால்களைத் திருத்தியிருக்கிறார்கள். விதிநூல்களில் தாக்குதலெல்லாம் உணர்கொம்புக்கும் வாய்க்கும்தான், வாலுக்குக் கிடையாது. வேலையில்லாத உறுப்பை வெட்டிவிட ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ வாய்ப்பு வந்திருக்கும். ஆனால் புதுப் பொம்மையைத் திருப்பிப் பாருங்கள், வால் நுனி இன்னும் விரிந்துதான் இருக்கிறது. ஹாங்காங்கில் ஏதோ ஒரு பட்டறையில் அச்சு வெட்டிய அந்த ஆளின் கையெழுத்து அது ஒன்றுதான்.