மிதியும் மின்சாரமும்

மனிதன் கையால் செய்துவந்த தொழில்களை யந்திரங்கள் ஏற்றுக்கொண்ட சரித்திரத்தில், அவற்றை ஓட்டிய சக்தி எது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு வரியிலேயே விடை கிடைத்துவிடும். நூற்பாலைக்கு முதலில் ஓடும் நீர், பிறகு நீராவி, அதன்பின் மின்சாரம் என்று சொல்லி மேலே போய்விடலாம். தையல் யந்திரத்தின் கதை அவ்வளவு நேராகச் செல்லவில்லை. தோன்றி ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் அது வீடுகளிலும் கடைத் திண்ணைகளிலும் மனிதனுடைய காலையே நம்பி வாழ்ந்தது; மின்சாரத்தோடு அதற்கு ஏற்பட்ட உறவு பல தவணைகளில் மெல்ல வளர்ந்தது. அந்தத் தவணைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொன்றிலும் தைப்பவரின் பாதத்துக்குப் புதியதொரு பதவி வாய்த்திருப்பது புலப்படும்.

பார்த்தெலெமி திமொனியே என்ற பிரெஞ்சுத் தையற்காரர் 1830-இல் உரிமை பெற்ற மரயந்திரம் மிதியால் இயங்கியது. ராணுவ உடுப்புகள் தைப்பதற்காக அவர் பாரிஸில் நடத்திய பட்டறையை, தங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று அஞ்சிய தையற்காரர்களே கூட்டமாக வந்து நொறுக்கினார்கள். அமெரிக்காவில் எலியாஸ் ஹோ 1846-இல் உரிமை பெற்ற யந்திரமோ கையால் சுழற்றப்படுவது. நிமிஷத்துக்குச் சுமார் 250 தையல் போட்டு, கைதேர்ந்த ஐந்து பெண்களை அது போட்டியில் வென்றது. எனினும் ஒரு கை சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருக்க, மற்றொரு கையால் துணியை நடத்துவது எளிதன்று. ஐசக் சிங்கர் 1851-இல் உரிமை பெற்ற தம் யந்திரத்தை மிதியோடு இணைத்து விற்கத் தொடங்கியபோது, இரண்டு கைகளும் துணிக்கே உரியவையாயின. உழைப்பைத் தரும் பொறுப்பு முழுவதும் காலுக்கு வந்து சேர்ந்தது. திடகாத்திரமான மனிதன் நெடுநேரம் சோர்வில்லாமல் கொடுக்கக்கூடிய சக்தி ஒரு குதிரைத் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு, அதாவது 75 வாட் என்பர். மெல்லிய துணியை நிதானமாகத் தைப்பதற்கு அது தாராளமாகவே போதும்.

ஆனால் தொழிற்சாலைக்கு நிதானம் பிடிக்கவில்லை. நீண்ட மேஜைகளின் இருபுறமும் யந்திரங்களை வரிசையாக அமர்த்தி, மேஜையின் கீழே ஓர் இரும்புத் தண்டை ஓடவிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு யந்திரத்துக்கும் தோல்வார் இழுத்துச் சக்தியைப் பங்கிடும் முறை அங்கே ஏற்பட்டது. தண்டைச் சுழற்ற முதலில் நீராவி எஞ்சினும், பின்னர் கோடியில் நிறுத்திய மின்மோட்டாரும் பயன்பட்டன. நியூயார்க் நகரத்தின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலை இவ்வகையில் அமைந்ததே. 1911 மார்ச் 25 அன்று அங்கே பற்றிய தீயில் 146 பேர் மாண்டதற்குப் பூட்டிக் கிடந்த கதவு பெருங்காரணம் என்றாலும், தண்டின் நீளத்துக்கு ஏற்ப நெருக்கிப் போட்ட மேஜை வரிசைகளும் தப்பி ஓடுவோருக்குத் தடையாகவே நின்றன. ஒரே தண்டில் பலரைக் கட்டும் முறை, சக்தியைப் பலருக்கும் பங்கிட்டு வழங்கினாலும், மனிதர் நடமாட வேண்டிய இடத்தைத் தன் சௌகரியத்துக்காக எடுத்துக்கொண்டது.

யந்திரங்களைப் பற்றிக் கடுமையான அபிப்பிராயம் கொண்டிருந்த காந்தியடிகள் தையல் யந்திரத்துக்கு விலக்கு அளித்தார் என்பது பலரும் அறிந்த செய்தி. பின்னாளில் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜி. ராமச்சந்திரன், இளைஞராயிருந்த 1924-இல் தில்லியில் அவரைக் கண்டு உரையாடியபோது, தையல் யந்திரத்தை ஏற்றுக்கொண்டால் அதைச் செய்வதற்கு விசையால் ஓடும் தொழிற்சாலை ஒன்றையும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்குமே என்று கேட்டார். அதை ஒப்புக்கொண்ட காந்தியடிகள், அத்தகைய தொழிற்சாலைகள் தேச உடைமையாகவோ அரசின் கட்டுப்பாட்டிலோ இருக்க வேண்டும் என்றார். ஆக, யந்திரத்தின் குணதோஷம் அதன் பல்சக்கரங்களில் மட்டும் இல்லை. அதை யார் உடைமையாகக் கொண்டு யாருடைய நன்மைக்காக ஓட்டுகிறார்கள் என்பதிலும் இருக்கிறது என்ற தெளிவு அந்த உரையாடலில் கிடைத்தது.

கொங்கு நாட்டில் இந்த விவகாரம் ஏட்டளவில் நிற்கவில்லை. நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் இயங்கத் தொடங்கியதும், மலையிலிருந்து இறங்கிய மின்சாரம் கோயம்புத்தூர் வட்டாரத்து ஆலைகளையும் கிணறுகளையும் பட்டறைகளையும் தொட்டது. அந்த நகரமே பின்னர் மோட்டார்களும் பம்புகளும் செய்வதில் பெயர் பெற்றது. அருகிலுள்ள திருப்பூரில் பனியன் தொழில் வேர்விட்டு, 1980களில் ஏற்றுமதி பெருகியபோது, சந்துகள் தோறும் பனியன் கம்பெனிகளும், கூலிக்குத் தைத்துக்கொடுக்கும் பவர் டேபிள்களும் முளைத்தன. ஓவர்லாக், பிளாட்லாக் என்னும் தையல் யந்திரங்களின் கீழே தொங்கி, அவற்றுக்கு நெடுங்காலம் உயிர் கொடுத்தது கிளட்ச் மோட்டார்.

அதன் அமைப்பு எளியது. அதனாலேயே அது நெடுநாள் நிலைத்தது. அரைக் குதிரைத் திறன், அதாவது 370 முதல் 400 வாட் வரை ஆற்றலுள்ள தூண்டல் மோட்டார் ஒன்று, சுவிட்சைப் போட்ட கணத்திலிருந்து அணைக்கும்வரை நிமிஷத்துக்கு ஏறத்தாழ 2,850 சுற்று வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். மிதியை அழுத்தினால் தக்கை பதித்த தட்டு சுழலும் சக்கரத்தோடு ஒட்டி, வார் வழியாக யந்திரத்தை ஓட்டும். காலைத் தளர்த்தினால் தட்டு விலகித் தடையில் படிந்து நிற்கும். தைப்பவர் துணியை எடுப்பதும் மடிப்பதும் ஓரம் சேர்ப்பதும் நூல் கோப்பதுமாகவே பெரும்பொழுதைக் கழிக்கிறார். ஊசி உண்மையில் ஓடுவது வேலை நேரத்தின் சிறு பகுதியே. செக்கில் எள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சுற்றிவரும் மாடுபோல மோட்டார் மட்டும் ஓயாமல் சுற்றும். சுமையில்லாதபோதும் தன் காந்தப் புலத்தைத் தாங்குவதற்கென்று அது மின்னோட்டத்தை இழுப்பதால், திறன் காரணி தாழ்ந்து, கம்பிகளிலும் மோட்டாரிலும் வீணே உஷ்ணம் பிறக்கும். கழுத்துப் பட்டை போன்ற நுட்பமான இடங்களில் மெதுவாகத் தைக்க வேண்டுமானால், அரைமிதியில் தட்டை உரசவிட்டு வேகத்தைக் குறைக்கும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். உழைப்பைத் தரும் கடமையிலிருந்து விடுபட்ட கால், கட்டுக்கடங்காத ஒரு சக்தியை அடக்கும் கடமையில் இப்படி அமர்ந்தது.

1980களில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் உருவான நியோடிமியம் காந்தமும், நாளடைவில் மலிவான மின்னணுச் சாதனங்களும் சர்வோ மோட்டாருக்கு வழி திறந்தன. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தை மேஜையின் கீழுள்ள பெட்டி முதலில் 325 வோல்ட் அளவிலான நேர்மின்சாரமாக்கி மின்தேக்கியில் வைத்துக்கொள்கிறது. பிறகு காந்தச் சுழலி இந்தக் கணத்தில் எங்கே நிற்கிறது என்பதை உணர்கருவிகள் மூலம் அறிந்து, அதற்கேற்ற துடிப்புகளாகச் சுருள்களுக்கு வழங்குகிறது. மிதி தொடப்படாதபோது மோட்டார் நின்றே இருக்கிறது. பெட்டி விழித்திருப்பதற்கு வேண்டிய சில வாட் மட்டுமே செலவு. நிமிஷத்துக்கு 200 தையலும் 4,000 தையலும் ஒரே பாதத்தின் அழுத்த வேறுபாட்டால் கிடைக்கின்றன. ஊசி மேலே நிற்க வேண்டுமா கீழே நிற்க வேண்டுமா என்பதைக்கூடப் பெட்டி நினைவில் வைத்திருக்கிறது.

சர்வோ மோட்டாரின் பெயர்த்தகட்டில் பெரும்பாலும் 550 வாட் என்று பொறித்திருப்பதைக் கண்டு, பழைய கிளட்ச் மோட்டாரைவிட இது அதிகம் தின்னும் என்று கருதுவோர் உண்டு. அந்த எண் அது தரக்கூடிய ஆற்றலின் எல்லையைச் சொல்வது. நாள் முழுவதும் அது செலவிடும் அளவைச் சொல்வதன்று. ஓய்விலிருந்து முழு வேகத்தை எட்டும் அந்தச் சொற்ப நேரத்தில் 230 வோல்ட்டில் இரண்டரை ஆம்பியருக்குக் குறையாத ஓட்டம் தேவைப்படலாம். ஆகவே கம்பியும் சுவிட்சும் அதைத் தாங்க வேண்டும், ஆனால் மாதாந்திரக் கட்டணத்தைச் சராசரியே தீர்மானிக்கும். இன்னொரு விசேஷமும் உண்டு. இந்தப் பெட்டிகள் மின்சாரத்தைச் சீரான அலையாக இழுப்பதில்லை. அலையின் உச்சியில் மட்டும் கொத்திக் கொத்தி எடுக்கின்றன. மூன்று பேஸிலும் இத்தகைய யந்திரங்களைச் சமமாகப் பங்கிட்டாலும், அந்தக் கொத்தல்களின் ஒரு பகுதி ஒன்றையொன்று அழித்துக்கொள்ளாமல் நியூட்ரல் கம்பியில் வந்து கூடிவிடும். அக்கம்பியை மெலிதாகப் போட்டவர்கள் அது சூடேறக் காண்பது இதனால்தான். 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தமிழ்நாட்டை வாட்டிய மின்வெட்டும், டீசல் ஜெனரேட்டரின் செலவும், ஒவ்வொரு யூனிட்டையும் எண்ணிப் பார்க்கத் தொழிலை நிர்ப்பந்தித்த காலத்தில், சும்மா நிற்கும்போது தின்னாத மோட்டாரின் அருமை எளிதில் விளங்கியது.

இவ்வாறு, முதலில் உழைத்து, பிறகு அடக்கி, கடைசியில் கட்டளையிடும் நிலைக்குக் கால் உயர்ந்துவிட்டது போலத் தோன்றுகிறது. உஷ்ணமும் இரைச்சலும் குறைந்தது தைப்பவருக்குக் கிடைத்த உண்மையான லாபமே. அதைக் குறைத்துப் பேசுவது நியாயமாகாது. ஆயினும் மிதியை எவ்வளவு அழுத்தினாலும் மீறக்கூடாத உச்ச வேகத்தைப் பெட்டிக்குள் நிர்ணயிப்பவர் மெக்கானிக். போட்ட தையல்களை எண்ணும் வசதியும் சில பெட்டிகளில் உண்டு. மின்கட்டணத்தில் மிச்சமாகும் பணம் கட்டணத்தைச் செலுத்துபவருக்கே போய்ச் சேர்கிறது. பீஸ் ரேட்டுக்குத் தைப்பவரின் கூலியில் அது தானாக ஏறுவதில்லை. காந்தியடிகளும் ராமச்சந்திரனும் எழுப்பிய விவாதம் ஆகவே இன்னும் முடியவில்லை. சக்தி மிச்சமாகும் ஒவ்வொரு தவணையிலும், அந்த மிச்சத்தில் தைப்பவருக்கு என்ன பங்கு என்பதைக் கூலி ஒப்பந்தம் பேசும் மேஜையில்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.