தாண்டிச் செல்லும் சாவி

கோயமுத்தூர் என்றதும் பலருக்கும் பஞ்சாலைச் சங்குதான் ஞாபகத்துக்கு வரும். எனக்கோ தட்டெழுத்துப் பயிலகங்களின் படபடப்பும் சேர்ந்து வரும். லோயர் தேறி, ஹையர் தேறி, ஏதாவது ஒரு மில் ஆபீசில் குமாஸ்தாவாக நுழைந்துவிட்டால் கொங்கு நாட்டுக் குடும்பம் ஒன்று நிமிர்ந்துவிடும் என்றிருந்த காலம் அது.

மில் ஆபீசில் கடிதம் அடிப்பது சுலபம். கூலிப் பட்டியல் அடிப்பதுதான் கஷ்டம். பெயர் ஒரு பத்தியில், நாள் ஒரு பத்தியில், தொகை ஒரு பத்தியில் நேராக நிற்க வேண்டுமே! அதற்காக வந்ததுதான் டாபுலேட்டர் சாவி. வேண்டிய இடங்களில் நிறுத்தங்களை அமைத்துக்கொண்டு அந்தச் சாவியைத் தட்டினால், யந்திரத்தின் வண்டி பாய்ந்து சென்று அடுத்த பத்தியில் நிற்கும். அந்த நிறுத்தங்களை வைத்தவரும் எடுத்தவரும் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவேதான். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தச் சாவி 'டாப்' என்று பெயர் குறுகிக் கம்ப்யூட்டருக்குக் குடிபோயிற்று. 1971-இல் வந்த ஐ.பி.எம். 3270 திரையில், ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாண்டுவது அதன் வேலை. 1987-இல் அதே கம்பெனி வகுத்த விதிகள் இந்தப் பழக்கத்தை நிலைநிறுத்தின. இதற்கிடையே 1984-இல் மெக்கின்டாஷ் செய்தவர்கள், எல்லோரும் மௌஸைத்தான் பிடிக்க வேண்டும் என்று அம்புச் சாவிகளையே நீக்கிவிட்டார்கள். பிடிவாதம் என்றால் இதுவல்லவா பிடிவாதம்!

நம் நாட்டுக் கணக்கர் வேறு வழியில் போனார். ஆலைகளுக்கும் துணி மில்களுக்கும் மூலப்பொருளும் யந்திர உறுப்புகளும் விற்றுவந்த சியாம் சுந்தர் கோயங்கா, தம் கணக்கைப் பார்க்கச் சரியான மென்பொருள் கிடைக்காமல் மகன் பரத்திடம் சொன்னார். 1986-இல் பெங்களூரில் 'டாலி' பிறந்தது. அதில் என்டர் தட்டினால் அடுத்த கட்டம். பேக்ஸ்பேஸ் தட்டினால் முந்தைய கட்டம். எஃப் 8 விற்பனை, எஃப் 9 கொள்முதல். திருப்பூரில் பனியன் கம்பெனிக் கணக்கர் ஒருவர், பில்லின் மேல் கண்ணை வைத்துக்கொண்டு, திரையைப் பாராமலே பதிவு செய்வதை நான் வியந்து பார்த்திருக்கிறேன்.

அவர் திரையைப் பார்க்கவில்லை. என் நண்பர் ஒருவருக்கோ திரையே தெரியாது, பிறவியிலேயே பார்வையற்றவர். விபத்தில் பார்வை இழந்த டெட் ஹென்டர் 1989-இல் வெளியிட்ட 'ஜாஸ்', 2006-இல் ஆஸ்திரேலியாவில் தொடங்கிய இலவச 'என்.வி.டி.ஏ.' போன்ற படிப்பான்கள், சாவி எந்தக் கட்டத்தில் நிற்கிறதோ அதைக் காதில் சொல்லும். ஆகவே இப்படிப்பட்டவருக்கு டாப் சாவி கைத்தடி மாதிரி.

அவருடைய ஆபீசில் புதிதாக ஒரு படிவம் புகுத்தினார்கள். பெயரிலிருந்து டாப் தட்டினால் முகவரிக்குப் போகாமல் 'சேமி' பொத்தானுக்குத் தாவிற்று. காரணம் சின்னது. 1991-இல் வந்த விஷுவல் பேசிக் முதலான கருவிகளில், கட்டங்களைத் திரையில் வைக்கிற வரிசைப்படி அவற்றுக்குச் சுழியத்திலிருந்து எண் விழும். பிற்பாடு ஞாபகம் வந்து முகவரிக் கட்டத்தைச் சேர்த்தால், அது கண்ணுக்கு நடுவிலே தெரிந்தாலும் எண்ணில் கடைசியாகத்தான் நிற்கும். எழுதியவர் மௌஸ் பிடிப்பவர். அவருக்கு இது தெரியவே தெரியாது. பழைய குமாஸ்தாவைப் போல நிறுத்தத்தைத் தானே மாற்றிக்கொள்ளவும் நண்பருக்கு வழியில்லை. பாதிப் படிவங்கள் முகவரியின்றிச் சேமிக்கப்பட்டன. "உமக்கு இந்த வேலை சரிப்படாது" என்று மேலதிகாரி சொல்லிவிட்டார்.

நண்பர் மூன்று கடிதம் எழுதினார். நான்காம் மாதம் ஓர் இளைஞர் வந்து உட்கார்ந்து, வாங்கி வைத்த காப்பி ஆறுவதற்குள் எண்களை மாற்றிவிட்டுப் போனார்.