இரு அரசுகளின் இடையே ஒரு நாடு



பகைகொண்ட இரண்டு அரசுகளுக்கு நடுவே அமைந்துவிட்ட நிலத்தின் வரலாறு, அந்நிலத்தாரின் கையில் இருப்பதில்லை. ரைன் நதியோரத்து அல்சாஸ் நாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அது 1871-ல் பிரான்ஸிடமிருந்து ஜெர்மனிக்குப் போயிற்று. முதல் உலகப் போரின் முடிவில் பிரான்ஸுக்குத் திரும்பிற்று. 1940-ல் மீண்டும் ஜெர்மனியின் வசமாயிற்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் மறுபடியும் பிரான்ஸை அடைந்தது. எழுபத்தைந்து ஆண்டுகளுக்குள் நான்கு கைமாற்றங்கள்! நம் மாணவர்கள் இதனை வியப்போடு படிக்கின்றனர். ஆனால், சேலம் நாமக்கல் சமவெளிக்கும் இத்தகைய ஒரு காலம் உண்டு என்பதை அவர்களிற் பலர் அறியார். 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையைப் பரீட்சைக்காக நெட்டுருப் பண்ணும் பிள்ளை, அன்று கைமாறியது தன் முன்னோர் உழுத நிலமே என்பதை உணர்வதில்லை. எத்தனையோ வகுப்புகளில் இதனை நான் கண்டிருக்கிறேன்.

இந்நாட்டின்மீது அரசர்களுக்கு ஏன் அத்தனை ஆசை? இங்கே பொன் விளையவில்லை. காவிரிக்கரை ஒன்று நீங்கலாகப் பெரும்பாலும் வானம் பார்த்த பூமியே. விடை, நிலத்தின் அமைப்பில் இருக்கிறது. மேற்கே உயர்ந்து நிற்பது மைசூர்ப் பீடபூமி. கிழக்கே தாழ்ந்து பரந்து கிடப்பது ஆர்க்காட்டுச் சமவெளி. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வீட்டின் நடுப்படியைப் போல அமைந்தது, கிருஷ்ணகிரி தருமபுரிப் பக்கத்துப் பாராமகால். அதற்கும் தெற்கே கீழ்ப்படியாக உள்ளது சேலம் நாடு. மேலிருந்து இறங்குவோன் இராயக்கோட்டை வழியாகப் பாராமகாலை அடைவான். அங்கிருந்து செங்கம் கணவாய் கிழக்கே ஆர்க்காட்டுக்கு வழிவிடும். தொப்பூர்க் கணவாய் தெற்கே சேலத்துக்கு வழிவிடும். சேலத்திலிருந்து ஆத்தூர் வழியாகக் கடலோர நாட்டுக்கும், நாமக்கல் வழியாகக் காவிரிக்கரைக்கும் திருச்சிராப்பள்ளிக்கும் செல்லலாம். ஆகவே, இந்நாட்டைப் பெற்றவன் வயலை மட்டும் பெறவில்லை. பிறர் வீட்டுக் கதவின் திறவுகோலையும் பெற்றான்.

இந்த உண்மையைச் சங்க காலத்தவரே அறிந்திருந்தனர். தகடூர் அதியமானைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வென்ற செய்தியும், கொல்லிமலை ஓரியைக் கொன்று அம்மலையைக் காரி சேரனுக்கு அளித்த செய்தியும் நாம் கேட்டவையே. பதினேழாம் நூற்றாண்டுக்கு வருவோமாயின், மதுரை நாயக்கருக்கும் மைசூர் உடையாருக்கும் இடையே அதே கதை மீண்டும் நிகழக் காண்கிறோம். அமரகுந்தியையும் தாரமங்கலத்தையும் இருக்கையாகக் கொண்டு மதுரைக்கு அடங்கி ஆண்ட கெட்டி முதலியார்கள், வடவெல்லைக் காவலர்களாக நின்றனர். தாரமங்கலத்துக் கைலாசநாதர் கோயிலைக் கண்டவர்கள் அவர்களுடைய செல்வத்தையும் கலையுள்ளத்தையும் அறிவார்கள். ஆயினும், மைசூரில் கந்தீரவ நரசராசர் காலத்தில் தொடங்கிய நெருக்குதல் சிக்கதேவராசர் காலம் வரை ஓயவில்லை. 1704-ல் அவர் மறைவதற்கு முன்பே சேலம் நாடு மைசூரின் பிடிக்குள் வந்துவிட்டது.

அடுத்த நூற்றாண்டில் மதுரையின் இடத்தில் ஆங்கிலக் கம்பெனி நின்றது. உடையாரின் இடத்தில் ஐதர் அலி நின்றார். 1768-ல் கர்னல் உட் என்பவர் கம்பெனிப் படையோடு வந்து தருமபுரி, சேலம், ஆத்தூர், நாமக்கல், ஈரோடு எனக் கோட்டை கோட்டையாகப் பிடித்துக்கொண்டே கோயம்புத்தூர், திண்டுக்கல் வரை சென்றார். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு காவற்படையை நிறுத்தினார். சென்னையில் வெற்றி விழாவுக்குரிய மகிழ்ச்சி. ஆனால் அவ்வாண்டின் இறுதியில் ஐதர் கணவாய் இறங்கினார். சிதறிக் கிடந்த காவற்படைகள் ஒன்றுக்கொன்று உதவ இயலாமல் வரிசையாக வீழ்ந்தன. உட் பல மாதங்களிற் பெற்றதைக் கம்பெனி சில வாரங்களில் இழந்தது. 1769-ல் ஐதர் சென்னையின் வாயிலிலேயே வந்து நிற்க, ஏப்ரலில் உடன்படிக்கை ஆயிற்று. பெரும்பாலும் அவரவர் பழைய எல்லை அவரவர்க்கு என்று முடிந்தது. 1780-ல் மூண்ட இரண்டாம் போரும் 1784-ல் அவ்வாறே முடிந்தது. எல்லைக்கோடு அசையவில்லை, இடையில் இருந்த ஊர்கள்தாம் அழிந்தன.

மூன்றாம் போரில் நிகழ்ந்த இரண்டு செய்திகள் கணவாய்களின் மதிப்பை நமக்கு நன்கு விளக்கும். 1790 நவம்பரில் பாராமகாலில் கம்பெனியின் இரு படைகள் ஒன்றுசேர்ந்துவிட்டன. திப்பு சுல்தான் தொப்பூர்க் கணவாயை நோக்கி விரைந்தார், ஆங்கிலேயரும் விரைந்தனர். சிறிது முந்திக்கொண்ட திப்பு, படையோடு கணவாயைக் கடந்து தெற்கே இறங்கித் திருச்சிராப்பள்ளிப் பக்கம் தோன்றினார். அவரை மடக்கும் வாய்ப்பு அன்று சில நாழிகைகளில் தவறிப்போயிற்று. அடுத்த ஆண்டு கார்ன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகு வரை சென்றும், தானியம் இன்றி, வண்டி மாடுகள் மடிய, பெரும் பீரங்கிகளைத் தாமே உடைத்தெறிந்துவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பசி கற்பித்த பாடத்தை அவர் மறக்கவில்லை. 1791 ஜூலையில் இராயக்கோட்டையைப் பிடித்து, கீழ்நாட்டுத் தானியம் மேலே ஏற வழி திறந்தார். வழி திறந்தபின் வெற்றியும் வந்தது.

1792 மார்ச்சில் திப்பு தம் நாட்டிற் பாதியையும் மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாயையும் கொடுக்க இசைந்தார். கம்பெனி தனக்கென எடுத்துக்கொண்டவற்றில் மலபாரும் திண்டுக்கல்லும் இருந்தன. பாராமகாலும் சேலமும் இருந்தன. கோயம்புத்தூர் திப்புவிடமே நின்றது. ஆக, ஏழாண்டுக் காலம் காவிரியே இப்பக்கத்தில் எல்லை; சங்ககிரியும் நாமக்கல்லும் எல்லைப்புறம். 1799-ல் வேலூரிலிருந்து புறப்பட்ட ஹாரிஸின் படை, பாராமகாலில் திரட்டிய தானியத்தோடு இராயக்கோட்டை வழியே ஏறிற்று. மே 4-ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திறவுகோல் கைமாறிய அன்றே வீட்டின் விதியும் முடிவாகியிருந்தது எனலாம்.

இதுகாறும் கூறியது அரசர்களின் கதை. இனிக் குடியானவனின் கதை. படை எதுவாயினும் அதற்குத் தீவனமும் தானியமும் வண்டியும் மாடும் கொடுத்தவன் அவன். மாற்றானுக்கு உதவக்கூடாது என்று வயலைத் தீயிட்டபோதும் இழந்தவன் அவன். யாருக்கு வரி கட்டுவது என்பதே ஆண்டுக்கு ஆண்டு ஐயமாயிருந்தால், கிணறு வெட்டவும் கரும்பு நடவும் யாருக்கு மனம் வரும்?

1792-ல் கலெக்டராக வந்த கேப்டன் அலெக்சாண்டர் ரீட் முதலில் எதிர்கொண்டது இந்தக் கேள்வியையே. அவர் திருப்பத்தூரில் தங்கினார். மன்றோ, கிரேம், மக்லௌட் என்னும் மூன்று இளம் இராணுவ அதிகாரிகள் அவருக்கு உதவியாளர்கள். சேலம், நாமக்கல் அடங்கிய தென்பகுதி மக்லௌடின் பொறுப்பு. அவர்கள் ஊர் ஊராகச் சென்று புலம் புலமாக நிலத்தை அளந்தனர். இடையில் ஜமீன்தாரை வைக்காமல், உழுபவனோடு நேரே கணக்குப் பேசும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவெடுத்தது. இதில் முழுப் புகழையும் ஆங்கிலேயருக்கே கொடுத்துவிடலாகாது. பாளையக்காரரை ஒடுக்கி, அமில்தார் மூலம் அரசே வரி வாங்கும் வழக்கத்தை ஐதரும் திப்புவும் முன்னரே ஏற்படுத்தியிருந்தனர். வரியும் எளியதன்று, மிகக் கடியது. அன்றியும், 1802 முதல் கம்பெனியார் இந்த முறையைக் கைவிட்டு, நிலத்தை மிட்டாக்களாகப் பிரித்து ஏலத்தில் விற்றனர். மிட்டாதாரர் பலர் பணம் கட்ட இயலாது நொடித்துப் போயினர். பல ஊர்கள் பழையபடி ரயத்துவாரிக்கே திரும்பின. இங்கே பயின்ற மன்றோ 1820-ல் சென்னை கவர்னரானபோது, அந்த முறையே இராஜதானியின் பெரும்பகுதிக்கு உரியதாயிற்று.

இதிலிருந்து நான் கொள்ளும் முடிவு ஒன்று. ஒரு நாட்டைப் பெறுவதற்குக் கணவாயும் கோட்டையும் வேண்டும். ஆனால் அவற்றால் மட்டும் அதனை வைத்துக்கொள்ள இயலாது. உட் பிடித்த கோட்டைகள் ஒரு பருவம் கூட நிற்கவில்லை. 'இந்தப் புலம் உன்னுடையது, இதற்கு இவ்வளவே வரி' என்று உழவனுக்கு எழுதிக் கொடுத்த சீட்டோ, கொடுத்த அரசு மறைந்த பின்னும் நின்றது. இன்றும் நம் இல்லங்களில் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பது பட்டாவைத்தானே! எங்கோ இரு நாடுகள் ஒரு மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் பொருதுகின்றன என்று செய்தி படிக்கும்போது, படத்திலுள்ள எல்லைக்கோட்டை மட்டும் பார்த்து அமையாதீர்கள். அக்கோட்டின் இருபுறமும் விதைப்பதா, வேண்டாவா என்று ஏங்கி நிற்கும் உழவனையும் நினையுங்கள். அவன் அச்சமின்றி விதைக்கும் நாளே அப்போர் உண்மையில் முடிந்த நாள். நமது சேலம் நாடு நூற்றாண்டுகள் பட்டுத் தெளிந்த பாடம் அதுவே.