பாக்கெட்டில் வந்த களர்

போன மாசம் சென்னையிலிருந்து ஒரு நண்பர் போன் பண்ணினார். "அண்ணே, வாஷிங் மெஷின் தண்ணி அவ்வளவும் வீணாப் போகுது. மாடித்தோட்டத்துக்கு விடலாமா?" என்று கேட்டார். விடலாம், விடக்கூடாது என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். என்னால் முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பதிலை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பதினஞ்சு வாழையைப் பறிகொடுத்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், மனுசன் துணி வெளுத்த கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.

விவசாயிக்குக் களர் நிலம் என்றாலே வயித்தெரிச்சல். தண்ணி கட்டினால் கீழே இறங்காது. காய்ந்தால் கல்லு மாதிரி இறுகிப்போகும். கோடையில் மேலே வெள்ளை பூத்துக் கிடக்கும். யாரும் விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால் அதே நிலத்தைத் தேடித்தேடிப் போனவர்களும் ஊரில் உண்டு. எங்க பக்கம் கண்மாய்க்கு மேற்கே ஒரு உவர்க்காடு இருக்கிறது. சின்ன வயசில் நான் பார்த்திருக்கிறேன். விடியக்காலையில் வண்ணார் வீட்டுப் பெண்கள் அங்கே போய், வெளக்குமாறால் தரையைக் கூட்டி, மேலே பூத்திருக்கும் உவர்மண்ணைக் கூடையில் அள்ளிக்கொண்டு வருவார்கள். வெயில் ஏறிவிட்டால் காத்து தூக்கிக்கொண்டு போய்விடும் என்பதால் அந்த நேரம்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. களர் நிலத்தில் தோண்டிய கிணற்றுத் தண்ணீரில் தினமும் துவைத்த வெள்ளைத் துணியைப் பற்றி புறநானூற்றிலேயே ஒரு பாட்டு பேசுகிறது. எந்தத் தண்ணி பயிருக்கு ஆகாதோ அந்தத் தண்ணிதான் துணிக்கு ஆகும் என்று ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாலேயே நம்ம ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

காரணம் இதுதான். உவர்மண்ணில் இருப்பது பெரும்பாலும் சோடியம் கார்பனேட். கடையில் சலவைச் சோடா என்று விற்கிறார்களே, அதேதான். துணியில் ஒட்டியிருக்கும் வேர்வை, எண்ணெய்ப் பிசுக்கோடு இந்தக் காரம் சேர்ந்தால் அந்தப் பிசுக்கில் ஒரு பங்கு துணியிலேயே சோப்பாக மாறிவிடும். சோப்பு என்பதே எண்ணெயும் காரமும் சேர்ந்து வருவதுதானே. அடுப்புச் சாம்பலில் பாத்திரம் தேய்த்தாலும் நடப்பது அதுதான். அதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த தண்ணியில் முக்கிப் பிழிந்து, தண்ணி கொதிக்கிற பானைக்கு மேலே அடுக்கி, ராத்திரி பூரா அடியில் எரிய விடுவார்கள். ஆவியிலேயே துணி வேகும். அதுதான் வெள்ளாவி. மறுநாள் காலையில் துறைக்கு எடுத்துப் போய்க் கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, நீலம் போட்டு, மணலில் விரித்துக் காயப்போடுவார்கள். எந்தத் துணி எந்த வீட்டுத் துணி என்பதற்குச் சேங்கொட்டைச் சாறால் ஓரத்தில் ஒரு குறி. அந்தக் குறி துணி கிழிகிற வரைக்கும் போகாது. பட்டுக்கு மட்டும் இந்தக் காரம் ஆகாது. அதற்குப் பூந்திக்கொட்டையை ஊறவைத்து, நுரையில் அலசுவார்கள். பூந்திக்கொட்டையிலும் சீயக்காயிலும் சபோனின் இருக்கிறது. அது காரம் இல்லாமலே நுரைக்கும், அழுக்கை எடுக்கும்.

ஊர்ப்பக்கம் மட்டும் இல்லை. சென்னையில் இருக்கிறவர்கள் வண்ணாரப்பேட்டை என்று தினமும் சொல்கிறீர்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நம்ம நெசவாளிகளிடம் வாங்கிய துணியைக் கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் வெளுக்க வேண்டியிருந்தது. அந்த வேலை செய்தவர்கள் இருந்த இடம் அது. மெட்ராஸ் வியாபாரத்தின் ஒரு கால் சலவைக் கல்லில் நின்றிருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஆஹா, ரசாயனமே இல்லாத காலம்" என்று யாரும் பெருமூச்சு விட வேண்டாம். உவர்மண்ணும் ரசாயனம்தான். அதோடு, ஊருக்கே வெள்ளை கொடுத்தவர்களை ஊர் எப்படி நடத்தியது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை களத்துமேட்டில் கொடுக்கும் நெல்லுதான் கூலி. சாயந்திரம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்க வேண்டும். என் வயசுப் பொடியன்கள் அறுபது வயசு மனுசரைப் பேர் சொல்லி, "வா, போ" என்று கூப்பிடுவோம். நானும் கூப்பிட்டவன்தான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

சோப்பு நம்ம நாட்டுக்குள் பெரிய அளவில் கப்பலில் வந்தது. 1888ல் லீவர் கம்பெனியின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தா துறைமுகத்தில் இறங்கின. பிறகு இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். என் அப்பத்தா காலத்தில் 501 பார் சோப்பை நூல் போட்டு அறுத்துத் துண்டாக விற்பார்கள். ஆனால் சோப்புக்கு ஒரு பலவீனம் உண்டு. உப்புத்தண்ணியில், அதாவது சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் அதிகமாக இருக்கிற கடினத் தண்ணியில், அது நுரைக்காது. சுண்ணாம்போடு சேர்ந்து திரிதிரியாகத் திரண்டு துணியிலேயே ஒட்டிக்கொள்ளும். போர்வெல் தண்ணியில் குளிக்கிற எல்லாருக்கும் இது தெரியும்.

டிடர்ஜென்ட் பிறந்தது இதற்காக மட்டும் இல்லை. முதல் உலகப்போரில் ஜெர்மனியில் கொழுப்புக்குத் தட்டுப்பாடு. தின்பதற்கே இல்லாதபோது சோப்புக்கு எங்கே போவது? 1916ல் அங்கே கொழுப்பு இல்லாமல், நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளை வைத்து முதல் செயற்கைச் சலவைப் பொருளைச் செய்தார்கள். அது அவ்வளவு நல்லா அழுக்கு எடுக்கவில்லை. ஆனால் வழி திறந்துவிட்டது. ரெண்டாம் உலகப்போர் முடிந்ததும் 1946ல் அமெரிக்காவில் டைட் பவுடர் வந்தது. செயற்கைச் சரக்கோடு பாஸ்பேட்டைச் சேர்த்திருந்தார்கள். பாஸ்பேட் தண்ணியில் இருக்கிற சுண்ணாம்பைக் கட்டிப்போட்டுவிடும். கடினத் தண்ணியிலும் துணி வெளுத்தது. சில வருசத்திலேயே சோப்பு பின்னால் போய்விட்டது.

டிடர்ஜென்ட் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டால், வேப்பெண்ணெய் தெளிக்கிற விவசாயிகளைக் கேளுங்கள். வேப்பெண்ணெயை வெறும் தண்ணியில் ஊற்றினால் மேலே மிதக்கும். கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்து ஊற்றிக் கலக்கினால் பால் மாதிரி ஆகிவிடும். சோப்பானாலும் டிடர்ஜென்டானாலும் அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலை, ஒரு வால். தலைக்குத் தண்ணி பிடிக்கும், வாலுக்கு எண்ணெய் பிடிக்கும். வால் எல்லாம் எண்ணெய்த் துளிக்குள் குத்திக்கொள்ள, தலை எல்லாம் தண்ணிப் பக்கம் பார்த்து நிற்கும். துளி தனியாகப் பிரிந்து தண்ணியோடு போய்விடும். துணியில் இருக்கும் பிசுக்கும் இப்படித்தான் கிளம்புகிறது. தண்ணியின் இழுவிசையையும் இது குறைக்கிறது. அதனால்தான் இலையில் முத்து முத்தாக உருள வேண்டிய மருந்துத் தண்ணி பரவி ஒட்டுகிறது. நுரை என்பது கூட வருகிற ஆள், வேலை செய்கிற ஆள் இல்லை. நுரை அதிகமானால் அழுக்கு அதிகமாகப் போகும் என்பது வெறும் நம்பிக்கை.

இந்தியாவில் சர்ஃப் 1959ல் வந்தது. அது டவுன்காரர்கள் பொருள். கிராமத்துக்குப் பவுடரைக் கொண்டுவந்தது நிர்மா. குஜராத்தில் அரசாங்க வேலையில் இருந்த வேதியியல்காரர் கர்சன்பாய் பட்டேல், 1969ல் வீட்டிலேயே பவுடர் கலந்து, சைக்கிளில் வைத்து விற்க ஆரம்பித்தார். சர்ஃப் விலையில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு. அதில் சோடா தூக்கல், கையெல்லாம் எரியும். ஆனாலும் வாங்கினார்கள், ஏனென்றால் வாங்க முடிந்தது. டிவி வந்த காலத்தில் அந்த விளம்பரப் பாட்டு தெரியாத பிள்ளை கிடையாது.

எங்க ஊரில் வெள்ளாவி அணைந்தது அப்போதுதான். வீட்டுக்கு வீடு பாக்கெட் வந்துவிட்டது, பாலியஸ்டர் சட்டை வந்துவிட்டது. வெள்ளாவியில் வைத்தால் பாலியஸ்டர் தாங்காது. களத்துமேட்டு நெல்லும் நின்றது. தொழில் போனதில் அந்த வீடுகளுக்குக் கஷ்டம்தான். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னது இது: "தொழில் போனதுக்கு அழுதேன் தம்பி. எம்பிள்ளை சோத்துச் சட்டியோட உங்க வாசல்ல வந்து நிக்க வேணாம்னு ஆனப்ப சிரிச்சேன்."

இந்தப் பக்கம் இப்படி என்றால், தண்ணியின் கதை வேறு. 1950களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆறுகளில் நுரை மலைபோல் நின்றது. அன்றைய டிடர்ஜென்டின் வால் நேராக இல்லாமல் கிளைகிளையாக இருந்தது. கிருமிகளால் அதை மென்று தின்ன முடியவில்லை. மேற்கு ஜெர்மனி சட்டம் போட்டு 1964 முதல் அதைத் தடுத்தது. 1965 வாக்கில் அமெரிக்கக் கம்பெனிகளும் நேரான வால் உள்ள சரக்குக்கு மாறின. இன்று நாம் வாங்கும் பவுடரில் பெரும்பாலும் அதுதான்.

அடுத்தது பாஸ்பேட். நாம் வயலுக்கு டி.ஏ.பி. போடுகிறோம், பயிர் வளர்கிறது. ஏரிக்குப் பாஸ்பேட் போனால் பாசி வளர்கிறது. கனடாவில் 1973ல் ஒரு ஏரியைத் திரை போட்டு ரெண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும் விட்டார்கள். இன்னொரு பக்கம் அவற்றோடு பாஸ்பரசையும் விட்டார்கள். பாஸ்பரஸ் விழுந்த பக்கம் மட்டும் பச்சைப் பாசியாக மாறியது. அதற்கப்புறம் யாராலும் பேச்சை மாற்ற முடியவில்லை. பல நாடுகள் பவுடரில் பாஸ்பேட்டைக் குறைத்தன.

நமக்கு இது தூரத்துக் கதை இல்லை. 2015ல் பெங்களூரு பெல்லந்தூர் ஏரி நுரை ரோட்டுக்கு வந்ததும், 2019 மழைக்குப் பிறகு சென்னைக் கடற்கரையில் நுரை ஒதுங்கி, பிள்ளைகள் பனி என்று நினைத்து விளையாடியதும் பேப்பரில் வந்ததுதான். சுத்திகரிக்காத சாக்கடையும் அதோடு வந்த சலவைத் தண்ணியும் சேர்ந்த நுரை அது.

இப்போது என் வாழைக்கு வருகிறேன்.

வீட்டுக்குப் பின்னால் பதினஞ்சு வாழை வைத்திருந்தேன். துணி துவைக்கிற கல்லிலிருந்து ஒரு வாய்க்கால் வெட்டி, தண்ணி நேராக வாழைக்குப் போகிற மாதிரி செய்தேன். ஒரு சொட்டு வீணாகவில்லை என்று எனக்குப் பெருமை. ரெண்டு வருசம் நல்லாத்தான் இருந்தது. மூணாவது வருசம் இலை ஓரம் கருக ஆரம்பித்தது. தண்ணி விட்டால் குட்டை மாதிரி நின்றது. நாலாவது வருசம் மண்ணில் வெள்ளை பூத்தது. பூச்சி என்று நினைத்தேன், நோய் என்று நினைத்தேன், மருந்து அடித்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொன்றாகப் போயின.

ஒருநாள் அந்தப் பெரியவர் அந்தப் பக்கம் வந்தவர், குனிந்து மண்ணை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் உரசிப் பார்த்தார். "இதுக்குத்தான் தம்பி நாங்க விடியமுன்ன கூடையைத் தூக்கிக்கிட்டு உவர்க்காட்டுக்கு ஓடுவோம். நீங்க வீட்டுக்குப் பின்னாடியே விளைய வச்சிருக்கீங்களே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். கார நிலை 8.9 என்று வந்தது. 8.5க்கு மேலே போனால் களர் என்று பாடமாகப் படித்தவன் நான். அப்புறம்தான் பாக்கெட்டுக்குள் என்ன இருக்கிறது என்று விசாரித்தேன். மலிவுப் பவுடரில் அழுக்கெடுக்கிற சரக்கு பத்து, இருபது சதவீதம்தான். மீதியில் பெரும்பங்கு சோடாவும் சோடியம் சல்பேட்டும். அதாவது உவர்மண்ணில் இருக்கிற அதே சோடியம். அந்தக் காலத்தில் கெட்டுப்போன நிலத்திலிருந்து உவரை அள்ளி வந்து துணி வெளுத்தார்கள். நான் கடையிலிருந்து உவரை வாங்கி வந்து நல்ல நிலத்தில் ஊற்றியிருக்கிறேன்.

சோடியம் களிமண் துகளைப் பிரித்துவிடும். பிரிந்த துகள் மண்ணின் கண்ணையெல்லாம் அடைத்துவிடும். அதற்கு மருந்து ஜிப்சம். ஜிப்சத்தில் இருக்கிற கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் நல்ல தண்ணியோடு கீழே இறங்கிவிடும். சோப்பைத் திரிய வைக்கிற அதே கால்சியம்தான் மண்ணுக்கு வைத்தியர். வாய்க்காலை அடைத்தேன், ஜிப்சம் போட்டேன், மழையில் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதேன். ரெண்டு மழைக்காலம் ஆனது. இப்போது தண்ணி இறங்குகிறது. மறுபடி நாலு வாழை வைத்திருக்கிறேன்.

நண்பருக்கு நான் சொன்ன பதில் இதுதான். பவுடர் போட்ட முதல் தண்ணியைச் செடிக்கு விடாதீர்கள். அது கக்கூஸ் கழுவப் போகட்டும். கடைசியாக அலசுகிற தண்ணியை, அதுவும் நல்ல தண்ணியோடு மாற்றி மாற்றி விடலாம். தொட்டிச் செடிக்கு அதையும் வேண்டாம் என்பேன். பவுடரைக் கொஞ்சம் குறைத்துப் போட்டு, துணியை அரைமணி நேரம் ஊறவிடுங்கள். அழுக்கு போகும். பட்டுக்கும் கம்பளிக்கும் சலவைப் பவுடர் வேண்டாம், காரம் நூலைத் தின்னும். பூந்திக்கொட்டை இன்றைக்கும் நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கிறது. ரத்தக் கறையைப் பச்சைத் தண்ணியில் அலசுங்கள், சுடுதண்ணியில் போட்டால் கறை கெட்டியாகிவிடும்.

கண்மாய்க்கு மேற்கே உவர்க்காடு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. இப்போது அங்கே கூடையோடு யாரும் போவதில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை. ஆளுக்கொரு பாக்கெட்டில் அதை வீட்டுக்கே வரவழைத்துவிட்டோம். வெளியே போகிற தண்ணியை எங்கே விடுவது என்பதை மட்டும்தான் இனி யோசிக்க வேண்டும்.