கடனைக் கடனால் வகுத்தால்?

வெலிமடைப் பெற்றோருக்கும் எங்கள் பழைய மாணவர்களுக்கும் ஒரு சின்ன வரலாறு.

"மறையை மறையால் வகுத்தால் ஏன் சேர் நேர் வருது?" திசைகொண்ட எண்கள் பாடத்தில் வருடா வருடம் வரும் கேள்வி இது. "அது விதி, பாடமாக்கு" என்றே நாங்கள் பல காலம் சொல்லி வந்தோம். அது எங்கள் பிழை. கணக்கு தனக்கு வராது என்று ஒரு பிள்ளை முடிவெடுப்பது அந்த இடத்தில்தான்.

விதியை முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர் இந்தியாவின் பிரம்மகுப்தர். 628இல் எழுதிய பிராமஸ்புடசித்தாந்தத்தில் நேர் எண்ணைத் 'தனம்' என்றார், மறை எண்ணை 'ருணம்', அதாவது கடன் என்றார். கடனைக் கடனால் வகுத்தால் தனம். கடனைத் தனத்தால் வகுத்தால் கடன். இன்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவதும் இதுதான்.

பக்தாதில் 820 அளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் 'அல்-ஜப்ர்' என்ற சொல்லே அல்ஜீப்ரா ஆனது. ஆனால் அவர் மறை எண்களை விடையாக ஏற்கவில்லை. பத்தாம் நூற்றாண்டில் அபுல் வஃபா, உத்தியோகத்தருக்கும் வியாபாரிகளுக்கும் எழுதிய கணக்கு நூலில் மறை எண்ணைத் 'தைன்' என்றார். அதுவும் கடன்தான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஸ்-ஸமவ்அல், மறை எண்களைக் கழிக்கவும் பெருக்கவும் விதிகளை ஒழுங்காக எழுதினார். இதற்கெல்லாம் பிறகும், 1758இல் இங்கிலாந்தின் பிரான்சிஸ் மசேரஸ் மறை எண்களை அல்ஜீப்ராவிலிருந்தே விலக்க வேண்டும் என்று வாதிட்டார். பெரிய அறிஞர்களே தடுமாறிய இடத்தில் எட்டாம் தரப் பிள்ளை தடுமாறுவது குற்றமா?

இப்போது எங்கள் ஊர்க் கணக்கு. விதைக்கிழங்குக்கு 6000 ரூபாய் கடன். கொப்பியில் −6000. ஒவ்வொரு முறையும் 1500 ரூபாய்க்குக் கடன் எடுத்திருந்தால் எத்தனை முறை எடுத்தோம்? −6000 ÷ −1500 = 4. நான்கு முறை. 'எத்தனை முறை' என்பது கடனல்ல, வெறும் எண்ணிக்கை. அதனால்தான் விடை நேர்.

அதே கடனை நான்கு பேர் பங்கு போட்டால் −6000 ÷ 4 = −1500. ஆளுக்கு 1500 ரூபாய் கடன். விடை மறை.

பிள்ளை இன்று வீட்டில் "ஏன்?" என்று கேட்டால் கடைக் கொப்பியை எடுத்துக் காட்டுங்கள். தோட்டத்து லயத்திலும் டவுன் கடையிலும் இந்தக் கணக்கு ஒன்றுதான். விதியை அதற்குப் பிறகு பாடமாக்கட்டும்.