தாத்தா ஜீப்புக்குக் குண்டு டயரா? முதல்ல ரிம்மை அளங்க பாஸ்!

வீட்டுக் கொட்டகையில் பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்த தாத்தாவின் ஜீப்பைத் தட்டி எழுப்பிவிட்டீர்கள். இன்ஜின் இருமி இருமி ஸ்டார்ட் ஆகிவிட்டது. பிரேக்கும் பிடிக்கிறது. அடுத்து டயர். பழைய டயரோ சைக்கிள் டயருக்குப் பெரியப்பா மாதிரி ஒல்லியாக நிற்கிறது. இன்ஸ்டாகிராமில் வரும் ஜீப்புகள் எல்லாம் குண்டு குண்டு டயரோடு மிரட்டுகின்றன. 'நம்ம வண்டிக்கும் அப்படி ஒரு செட் மாட்டிட்டா மாஸா இருக்குமே' என்று கை துறுதுறுக்கும். கொஞ்சம் பொறுங்கள். டயர் கடைக்குப் போவதற்கு முன்னால், வண்டியின் ரிம் எவ்வளவு அகலம் என்று பார்த்துவிடலாம்.

இந்த ஜீப்புகளின் மூத்த அண்ணன், இரண்டாம் உலகப்போருக்காக 1941-ல் வந்த வில்லீஸ் எம்.பி. அமெரிக்க ராணுவத்தின் பதிவேட்டில் இதன் பெயர் 'கால் டன் டிரக்'. போர் முடிந்ததும் சி.ஜே. என்ற பெயரில் பொதுமக்களுக்கான மாடல்கள் வந்தன. நம் ஊரில் மஹிந்திரா அவற்றை முதலில் அசெம்பிள் செய்து, பிறகு இங்கேயே தயாரித்தது. மலைக்கிராமங்களிலும் எஸ்டேட்களிலும் இன்றும் இருமிக்கொண்டே ஏறுகிற ஜீப்புகள் இந்தக் குடும்பம்தான்.

இந்த வில்லீஸ் வண்டிகளின் வழக்கமான ரிம் 16 இன்ச் விட்டம், 4.50 இன்ச் அகலம். அதில் உட்காரும் டயர் 6.00-16. அதாவது, டயரின் அகலம் சுமார் 6 இன்ச். பக்கச்சுவரின் உயரமும் கிட்டத்தட்ட அவ்வளவே. மேலே 6, கீழே 6, நடுவில் 16. ஆக மொத்த உயரம் சுமார் 28 இன்ச். கணக்கு அவ்வளவு சிம்பிள்.

ரிம் அகலத்தை அளக்கும்போது பலரும் சறுக்குகிறார்கள். வெளி விளிம்பிலிருந்து வெளி விளிம்புக்கு டேப் பிடித்தால் சுமார் ஒரு இன்ச் கூடுதலாகக் காட்டும். டயரைக் கழற்றிவிட்டு, டயரின் வாய் போய் உட்காரும் இடத்துக்கு நடுவே, உள்பக்கமாக அளக்க வேண்டும். ரிம்மில் துருவைச் சுரண்டிப் பார்த்தால் அளவு பொறித்திருக்கவும் வாய்ப்பு உண்டு.

குண்டு டயரைத் திணித்தால் என்ன ஆகும்?

ஆசைப்பட்டு வாங்குவதில் முக்கியமான சைஸ் 215/85 ஆர்16. அகலம் 215 மி.மீ., அதாவது எட்டரை இன்ச். இதற்கு 5.5 முதல் 7 இன்ச் வரை அகலமுள்ள ரிம் வேண்டும். 235/85 என்றால் குறைந்தது 6 இன்ச். நம்மிடம் இருப்பதோ நாலரை.

'பஞ்சர் கடை அண்ணன் மாட்டிக் கொடுத்துட்டாரே!' என்பீர்கள். மாட்ட முடியும். அதுதான் பிரச்னையே. டயரின் இரண்டு வாய்களும் உள்நோக்கி நெருக்கப்பட்டு, பக்கச்சுவர் தொப்பை போடும். தரையில் படவேண்டிய பகுதி நடுவில் மேடாகிவிடும். எட்டரை இன்ச்சுக்குக் காசு கொடுத்திருப்பீர்கள். ரோட்டைத் தொடுவது நடுப்பகுதி மட்டும். அது சீக்கிரம் தேயும். ஓரங்கள் புதுசாகவே இருக்கும்.

தேய்மானம்கூடப் பரவாயில்லை, செலவோடு போகும். வளைவுதான் பயம். ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் ரோட்டில் 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டியின் பாரம் வெளிப்பக்க டயரில் சாய்கிறது. தொப்பை போட்ட பக்கச்சுவர் மடங்கி நெளியும். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பிய பிறகு, ஒரு நொடி யோசித்துவிட்டு வண்டி திரும்பும். காற்றும் குறைவாக இருந்தால், டயரின் வாய் ரிம்மிலிருந்து நழுவலாம். இன்றைய டியூப்லெஸ் ரிம்களில் டயர் வாய் நழுவாமல் தடுக்க உள்பக்கம் சின்ன மேடு ஒன்று உண்டு. பழைய ரிம்களில் அந்த மேடு இல்லை. டியூப் போட்டிருக்கிறோமே என்றால், டயர் ரிம் மேல் சுழன்று நகரும்போது வால்வு கிழிந்து மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் போய்விடும்.

நைலானா, ரேடியலா?

கடைக்காரர் 'நைலான்' என்று சொல்வது பழைய குறுக்கு இழை டயர். இழைகள் சாய்வாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே ஓடும். பக்கச்சுவர் விறைப்பாக இருக்கும். ரேடியலில் இழைகள் ஒரு வாயிலிருந்து மறு வாய்க்கு நேராக ஓடும். மேலே ஸ்டீல் பெல்ட். மிஷெலின் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1946-ல். அதாவது, நம் ஜீப்பின் ரிம் வடிவமைக்கப்பட்டபோது ரேடியல் சந்தைக்கே வரவில்லை. ரேடியல் ரோட்டைப் பிடிக்கிற பிடியில் ரிம்முக்கு அழுத்தமும் வேறு விதமாக வரும். துருவேறிய, வெல்டிங் வைத்த ரிம்மில் ரேடியல் மாட்டவே மாட்டாதீர்கள். முன்னால் ஒரு வகை, பின்னால் ஒரு வகை என்ற கலப்படமும் வேண்டாம்.

சரி, எதைத்தான் மாட்டுவது? என் ஓட்டு ஒல்லி டயருக்குத்தான். 6.00-16 நைலான் இன்னும் நம் நாட்டில் தயாராகிறது. 60 குதிரைத்திறன் இன்ஜினுக்கும் பவர் இல்லாத ஸ்டீயரிங்குக்கும் அதுவே லேசு. சேற்றில் அது வெட்டிக்கொண்டு போய்க் கெட்டித் தரையைப் பிடிக்கும் அழகே தனி. ஆனால் ஒரு கண்ணி இருக்கிறது. டிராக்டரின் முன்சக்கரத்துக்கும் இதே 6.00-16 சைஸ் உண்டு. விலை குறைவு என்று அதை ஜீப்புக்கு மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டயரில் 'ஏ6' என்று இருந்தால் அதற்கு அனுமதித்த வேகம் மணிக்கு 30 கி.மீ., 'ஏ8' என்றால் 40. ஹைவேயில் 70-ல் போனால் அந்த டயர் சூடேறிப் பிய்ந்துவிடும்.

ரேடியல்தான் வேண்டும் என்றால் 175/80 ஆர்16 தேடுங்கள். ஜப்பானின் குட்டி ஜிம்னிக்கான சைஸ் இது. 4.5 இன்ச் ரிம்முக்கே பொருந்தும். உயரம் 27 இன்ச். இங்கே தேடித்தான் பிடிக்க வேண்டும்.

குண்டு டயர் ஆசை போகவே போகாது என்றால், ரிம்மையே மாற்றுங்கள். வில்லீஸில் 5 போல்ட், 5.5 இன்ச் வட்டம். மாருதி ஜிப்ஸிக்கும் அதே வட்டம்தான். ஆனால் வட்டம் ஒன்று என்பதாலேயே பொருந்திவிடும் என்று நம்பாதீர்கள். பிரேக் டிரம், லீஃப் ஸ்பிரிங், ஸ்டீயரிங் ராடு எதையும் உரசாமல் சுற்றுகிறதா என்று ஜாக்கி போட்டு, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். 28 இன்ச்சிலிருந்து 215/85-ன் 30.4 இன்ச்சுக்குப் போனால், ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது நிஜத்தில் 65-ல் போய்க்கொண்டிருப்பீர்கள். ஏற்றத்தில் இன்ஜினும் திணறும். பழைய ரிம்களை மட்டும் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். என்றைக்காவது ஒரிஜினல் ரிம்மைத் தேடி அலையும்போது அதன் அருமை தெரியும்.

கழற்றும்போது ரெண்டு விஷயம்

பழைய வில்லீஸ்களில் இடப்பக்கச் சக்கர நட்டுகள் லெஃப்ட் மறை. வழக்கம்போல இடதுபக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். ஸ்பேனரில் பைப் சொருகி ஏறி மிதித்தால் ஸ்டட் உடையும். எந்தப் பக்கம் திறக்கும் என்று பார்த்துவிட்டுக் கை வையுங்கள்.

இரண்டாவது, உயிர்ப் பிரச்னை. ராணுவ ஜீப்புகளின் 'காம்பேட்' ரிம், இரண்டு பாதிகளை போல்ட் போட்டு இணைத்தது. டியூபில் காற்று இருக்கும்போது அந்த போல்ட்டுகளைத் தளர்த்தினால் ரிம்மின் ஒரு பாதி வெடித்துக் கிளம்பும். சக்கரத்தை வண்டியிலிருந்து கழற்றும் நட்டு வேறு, ரிம்மை இணைக்கும் போல்ட் வேறு. வால்வின் பின்னை எடுத்து, காற்று முழுசாகப் போனதை உறுதி செய்த பிறகுதான் அந்த போல்ட் பக்கமே போக வேண்டும். லாக் ரிங் வைத்த பழைய லாரிச் சக்கரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். காற்று அடிக்கும்போது அதன் எதிரே யாரும் நிற்கக் கூடாது.

வாங்கும்போது டயரின் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியையும் பாருங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம். குறைவாக விற்கிற சைஸ் என்பதால் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு. புது டியூபும் கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு 50 கி.மீ. ஓட்டிவிட்டு நட்டுகளை மறுபடி முறுக்குங்கள்.

அப்புறம், நாலோடு நிறுத்தாமல் ஐந்து டயராக வாங்குங்கள். ஃபோர் வீல் போட்டால் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றும்படி பூட்டப்படுகிற வண்டி இது. பஞ்சரான அன்றைக்கு வேறு உயர ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு மலையில் அந்த லிவரைத் தள்ளினால், கியர்பாக்ஸ் செலவு டயர் செலவைத் தாண்டிவிடும்.