ஒரு சிற்றெலியின் வழித்தோன்றல்கள்

1948 டிசம்பரில் சீன உள்நாட்டுப் போர் இறுதிக் கட்டத்தை எட்டியிருந்தது. கம்யூனிஸ்ட் படைகள் முன்னேறிக்கொண்டிருக்க, ராபர்ட் வாட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் ஷாங்காயிலிருந்து விமானத்தில் வெளியேறினார். அவருடன் சென்ற பெட்டியில் பத்து ஆணும் பத்துப் பெண்ணுமாக இருபது சீன ஹாம்ஸ்டர்கள் இருந்தன. வட சீன வயல்வெளிகளில் திரியும் சிற்றெலி இனம் இது. நம் வங்கமும் பீகாரும் நன்கறிந்த காலா அசார் நோய் சீனக் கிராமங்களையும் வாட்டியது. அதனை ஆராயவே 1920களிலிருந்து இவ்வெலிகளைச் சீன ஆய்வுக்கூடங்கள் பயன்படுத்தி வந்தன.

எலிகளைத் திரட்டிக் கொடுத்தவர் ஹூ என்ற சீன மருத்துவர். ஆட்சி மாறியபின், அமெரிக்காவின் கிருமிப் போருக்குத் துணைபோனவர் என்று குற்றம் சாட்டப்பட்டு அவர் முகாமில் அடைக்கப்பட்டார்.

அவ்வெலிகளின் சந்ததி அமெரிக்காவில் பெருகிற்று. 1957இல் கொலராடோவில் தியோடர் பக் என்னும் மரபியலாளர் ஒரு பெண் எலியின் சினைப்பையிலிருந்து செல்களை எடுத்து வளர்த்தார். மனித செல்லில் 46 குரோமோசோம்கள் உண்டு. இவ்வெலிக்கோ 22 மட்டுமே. எண்ணவும் ஒப்பிடவும் எளிது. கண்ணாடிக் கலத்தில் அச்செல்கள் தளராமல் பெருகிக்கொண்டே இருந்தன. மருந்து தயாரிப்பது அன்று எவர் எண்ணத்திலும் இல்லை.

1982இல் பாக்டீரியாவைக் கொண்டு உருவாக்கிய மனித இன்சுலின் விற்பனைக்கு அனுமதி பெற்றது. ஆனால் இன்சுலின் சிறிய, எளிய புரதம். மனித உடலின் பெரிய புரதங்கள் பலவற்றின் மீது சர்க்கரைச் சங்கிலிகள் கோக்கப்பட்டிருக்கும். அவை இல்லையேல் புரதம் இரத்தத்தில் நிலைக்காது, அல்லது செயல்படாது. அந்தக் கோக்கும் வேலையைச் சாதாரண பாக்டீரியா அறியாது. ஹாம்ஸ்டர் செல் ஏறக்குறைய மனித செல்லைப் போலவே செய்கிறது.

எனினும், புகுத்தப்பட்ட மனித மரபணுவை ஏற்ற செல்லை அடையாளம் காண்பது எங்ஙனம்? 1980இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கெயில் அர்லாப், லாரன்ஸ் சேசின் இருவரும் உயிர்வாழ்வதற்குத் தேவையான ஒரு நொதி இல்லாத செல்வகையை உருவாக்கினர். அந்நொதியின் மரபணுவை மனித மரபணுவுடன் இணைத்துக் கொடுத்தால், அதனை ஏற்ற செல் மட்டுமே பிழைக்கும். பிறகு அந்நொதியை முடக்கும் மெத்தோட்ரெக்சேட் நஞ்சைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், தாக்குப்பிடிக்கும் செல்கள் அம்மரபணுவைப் பல பிரதிகளாகப் பெருக்கிக்கொண்டவையாக இருக்கும்; உடனிருக்கும் மனித மரபணுவும் பெருகும். இச்செல்கள் சுரந்த, இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

இதன் பொருளை ஹீமோபிலியா நோயாளிகளே நன்கு உணர்வர். 1980களின் தொடக்கத்தில், பலருடைய இரத்தத்தைத் திரட்டித் தயாரித்த உறைபொருள் மருந்தின் வழியே அவர்களில் ஆயிரக்கணக்கானோரை எச்.ஐ.வி. தொற்றியது. உயிர் காக்கும் ஊசியே உயிர் குடித்தது. கொடையாளரின் இரத்தத்திலிருந்து பிரிக்காமல் ஹாம்ஸ்டர் செல்லில் விளைவித்த எட்டாம் உறைபொருள் 1992இல் வந்தது.

வறிய கிராமத்தாரின் நோய்க்காகக் கூண்டில் அடைபட்ட விலங்கின் வழித்தோன்றல்கள் இன்று உலகின் விலையுயர்ந்த மருந்துகள் பலவற்றைச் சுரக்கின்றன. அவை வறியவருக்கு எட்டுவது அரிது. பக்கின் பெயரை மரபியல் நூல்கள் கூறும். எலிகளைக் கொடுத்ததற்காகச் சிறைப்பட்ட ஹூவின் பெயரை அறிந்தோர் சிலரே.